தொட்டியின் அடிமணல்

அண்ணி: மணல்ல மட்டும் கை வைக்காதீங்க.

தொட்டிக்காரர்: கடல்தண்ணித் தொட்டியச் சரி பண்ணத்தானே கூப்பிட்டீங்க அண்ணி?

அண்ணி: பவளத்தப் பாக்கக் கூப்பிட்டேன். மணலுக்கு ஒண்ணுமில்ல.

தொட்டிக்காரர்: டாக்டரக் கூப்பிட்டு வயித்த மட்டும் தொடாதீங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு... சரி சரி, முறைக்காதீங்க. மொதல்ல அந்தத் திரையத் திறங்க. பட்டப்பகல்ல இந்த நீல வெளிச்சத்துல என் கையே எனக்குப் பொணத்துக் கை மாதிரி... ஐயோ. மன்னிச்சுக்கங்க. வாய் தவறிடுச்சு.

அண்ணி: பரவாயில்ல. திரை அப்படியே இருக்கட்டும்.

தொட்டிக்காரர்: அண்ணன் போய் ரெண்டு மாசம் இருக்குமா?

அண்ணி: அறுபத்திமூணு நாள்.

தொட்டிக்காரர்: கடைசியா முகத்தப் பாக்கக்கூட நான் ஊர்ல இல்ல, போன வாரம்தான் திரும்பினேன். பதினோரு வருஷம் மாசாமாசம் வந்திருக்கேன். என்ன மனுஷன்! வீட்டுக்குள்ள கடலையே வச்சிருந்தாரு, ஆனா கடல்ல கால் நனைக்கச் சொன்னா அலறுவாரு. கேட்டா, "அது என்னத் தேடி வர வேண்டாம்னுதான்டா பாதிய இங்க கூட்டிட்டு வந்துட்டேன்"பாரு.

அண்ணி: ம்... சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாரு. ஆனா நெஜமாவே பயம்.

தொட்டிக்காரர்: இந்த நாற்காலியில உக்காந்துக்கலாமா? முட்டி... அட, யாரு இப்பதான் எழுந்து போனது? சூடா இருக்கே.

அண்ணி: நான்தான்.

தொட்டிக்காரர்: நீங்க சமையலறையில இருந்துல்ல வந்து கதவு திறந்தீங்க? கையெல்லாம் சோப்பு நுரை.

அண்ணி: ...அதுக்கு முன்னாடி உக்காந்திருந்தேன்.

தொட்டிக்காரர்: சரி. கண்ணாடியில இந்தக் கை அடையாளம்? உங்க கை இவ்வளவு பெருசு இல்லையே.

அண்ணி: துடைக்கறேன். காலையில வந்து பாத்தா மறுபடி இருக்கும்.

தொட்டிக்காரர்: என்னது?

அண்ணி: லைட்டும் அப்படித்தான். படுக்கும்போது அணைஞ்சிருக்கும். எழுந்து வந்தா எரிஞ்சுக்கிட்டிருக்கும்.

தொட்டிக்காரர்: டைமர எட்டு மணி நேரத்துக்கு நான்தான் வச்சுட்டுப் போனேன். இப்ப பாருங்க, கையால போடற மாதிரி மாத்தியிருக்கு. வீட்ல வேற யாரு இருக்கா?

அண்ணி: மாமா மட்டும்தான், உள் ரூம்ல. புள்ளைக்குக் காரியம் முடிஞ்ச நாள்ல இருந்து அவரு கட்டில விட்டு இறங்கறதில்ல, பேசறதும் இல்ல. தட்டக் கொண்டுபோய் வச்சா சாப்பிடுவாரு. ஏதாவது கேட்டா தலைய ஆட்டுவாரு.

தொட்டிக்காரர்: அப்ப நல்ல தண்ணி ஊத்தறது நீங்களா?

அண்ணி: எதுக்கு ஊத்தணும்?

தொட்டிக்காரர்: தண்ணி தினமும் ஆவியாகும். உப்பு மட்டும் உள்ளயே நிக்கும். யாரும் ஊத்தலன்னா இந்நேரம் நாலு விரல் இறங்கி, உப்பு ஏறியிருக்கணும். ஆனா பாருங்க... குறிச்ச கோட்டுல கரெக்டா நிக்குது. உப்பும் சரியா இருக்கு.

அண்ணி: நான் ஊத்தல. ஊத்தணும்னே எனக்குத் தெரியாது.

தொட்டிக்காரர்: பின்ன யாரு?

அண்ணி: உங்களுக்குத் தெரியாதா?

தொட்டிக்காரர்: அண்ணி... அப்படிப் பாக்காதீங்க.

அண்ணி: நான் பேசினா இந்தப் பவளப் பூவெல்லாம் விரியுது. சாயங்காலம் ஆறு மணிக்கு, அவரு ஆபீஸ்ல இருந்து வர்ற நேரத்துக்கு, எல்லாம் கதவுப் பக்கம் சாயுது. நான் கண்ணால பாத்தேன்.

தொட்டிக்காரர்: பம்ப்போட நீரோட்டம் நேரத்துக்கு நேரம் மாறும். அதான் சாயுது.

அண்ணி: இந்த மான்கொம்புப் பவளத்தப் பாருங்க. நுனியெல்லாம் புதுசா வெள்ளையா வளந்திருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி இது இல்ல.

தொட்டிக்காரர்: அண்ணி, உக்காருங்க.

அண்ணி: ஏன்?

தொட்டிக்காரர்: அது வளர்ச்சி இல்ல. நுனி வெந்துபோய்த் தோல் உரிஞ்சிருக்கு. நீங்க பாக்கற வெள்ளை அதோட எலும்பு.

அண்ணி: ...எலும்பா?

தொட்டிக்காரர்: பவளத்தோட எலும்பு. அதோட தோலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். அந்தப் பாசிதான் அதுக்குச் சமைச்சுப் போடும். நாள் பூரா லைட் எரிஞ்சா தாங்க முடியாம பாசியத் துப்பிடும். அப்புறம் பட்டினிதான். இந்த மூளைப் பவளம் அப்படித்தான் வெளுத்திருக்கு. ஆனா இன்னும் சாகல. தோல் மேல மெல்லிசா கண்ணாடி மாதிரி மினுங்குது பாருங்க... உயிர் இருக்கு.

அண்ணி: காப்பாத்திடுவீங்கள்ல?

தொட்டிக்காரர்: தண்ணியப் பாக்கறேன். அந்தக் குப்பிய எடுங்க. இந்தப் பொடியப் போட்டுக் குலுக்கினா, பாஸ்பேட் இருந்தா நீலமாகும். கொஞ்சம் இருந்தா வானத்து நீலம்... அடேங்கப்பா.

அண்ணி: என்ன?

தொட்டிக்காரர்: மை ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. இவ்வளவு எப்படி வரும்? டப்பா டப்பாவா தீனி கொட்டினீங்களா?

அண்ணி: இல்ல. ஒரு சிட்டிகைதான்.

தொட்டிக்காரர்: தண்ணியோட காரத்தன்மையும் தாறுமாறா ஏறிக் கிடக்கு. ரெண்டும் சேந்து ஏறணும்னா சுண்ணாம்பு, சாம்பல்னு ஏதாவது உள்ள விழணும்... மாமாவுக்குப் பீடி சிகரெட் பழக்கம் உண்டா?

அண்ணி: கிடையாது.

தொட்டிக்காரர்: மணல் பாருங்க. இந்தப் பாறைக்குப் பின்னாடி மட்டும் ஏன் சாம்பல் நிறமா இருக்கு?

அண்ணி: கை வைக்காதீங்கன்னு சொன்னேன்ல!

தொட்டிக்காரர்: ஒரு கை அள்ளிப் பாத்துட்டு... இது என்ன துண்டு? ரொம்ப லேசா இருக்கு. ஓட்டை ஓட்டையா... பவளத் துண்டு இப்படி இருக்காதே.

அண்ணி: உள்ள வைங்க.

தொட்டிக்காரர்: அண்ணி, இது...

அண்ணி: அவர உள்ள வைங்க. மெதுவா. பாறைக்குப் பின்னாடி. நீரோட்டம் படாத எடத்துல.

தொட்டிக்காரர்: கடவுளே... வச்சுட்டேன். வச்சுட்டேன் அண்ணி. அழாதீங்க.

அண்ணி: நான் அழல. மேல கொஞ்சம் மணல மூடுங்க.

தொட்டிக்காரர்: அஸ்தியக் கடல்ல கரைச்சாச்சுன்னுல்ல சொன்னாங்க? மாமா, சொந்தக்காரங்க எல்லாரும் படகுல போயி...

அண்ணி: போனோம். செம்ப மாமா கையில நான்தான் எடுத்துக் குடுத்தேன். உள்ள இருந்தது அலமாரியில மிச்சமிருந்த தொட்டி மணல். மேலாக்க ரெண்டு பிடி அடுப்புச் சாம்பல் தூவியிருந்தேன். காத்து வேற. யாரு உத்துப் பாக்கப் போறாங்க?

தொட்டிக்காரர்: ஏன் அண்ணி இப்படி?

அண்ணி: கணுக்கால் நனைக்கப் பயந்த மனுஷன். அவரப் போயி அவ்வளவு ஆழத்துல, இருட்டுல, தனியா... என்னால முடியல. இந்தத் தண்ணின்னா அவருக்குத் தெரியும். தினம் ஒரு ஸ்பூன் போட்டேன். இது நல்லாத்தான் வாங்கிக்கிச்சு.

தொட்டிக்காரர்: வாங்கிக்கல. அதுதான் இதுகளக் கொல்லுது. ஒரு பக்கம் லைட்டு, ஒரு பக்கம் இது.

அண்ணி: அவரா கொல்றாரு?

தொட்டிக்காரர்: அப்படிச் சொல்லல...

அண்ணி: இந்த மூளைப் பவளத்துக்கு நோய் வந்தப்ப ரெண்டு நாள் லீவு போட்டவரு. எனக்குக் காய்ச்சல்னப்ப அரை நாள்தான்.

தொட்டிக்காரர்: அதனாலதான் சொல்றேன். இப்படியே விட்டா இன்னும் ஒரு மாசம். அப்புறம் இந்தத் தொட்டியில மிஞ்சறது பச்சைப் பாசிப் படலமும் எலும்பும்தான். எது அவரோடது, எது பவளத்தோடதுன்னுகூடத் தெரியாது. நான் வேணும்னா வெளிய நிக்கறேன். யோசிங்க.

அண்ணி: எப்படி எடுப்பீங்க?

தொட்டிக்காரர்: குழாய் வச்சு உறிஞ்சுவேன். ஒரே நாள்ல மணல முழுக்கக் கலக்கினா அதிர்ச்சியிலயே எல்லாம் போயிடும். இன்னைக்குப் பாறைக்குப் பின்னாடி மட்டும். வாரம் ஒரு தடவ வந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, புதுத் தண்ணி ஊத்தறேன். லைட்டு நாலு மணி நேரம், அதுக்கு மேல கூடாது. நிறம் திரும்பத் திரும்ப ஏத்திக்கலாம்.

அண்ணி: வாளியில வேண்டாம். அந்தப் பெரிய கண்ணாடி ஜாடியில எடுங்க.

தொட்டிக்காரர்: எல்லாம் வராது. கரைஞ்சது கரைஞ்சதுதான். கொஞ்சம் பவளத்துக்குள்ளயே கூடப் போயிருக்கும்.

அண்ணி: அது போகட்டும். அத நீங்க எடுக்க வேண்டாம்.

தொட்டிக்காரர்: குழாயோட இந்த முனைய ஜாடிக்குள்ள பிடிச்சுக்கங்க... அண்ணி, பின்னாடி யாரோ...

அண்ணி: மாமா! எப்ப எழுந்தீங்க?

தொட்டிக்காரர்: ஐயா, வணக்கம்.

அண்ணி: ஒண்ணுமில்ல மாமா. மணல்ல அழுக்கு சேந்திருக்கு, எடுக்கறோம். நீங்க போய்ப் படுங்க... ஏன் அந்த ஜாடியவே பாக்கறீங்க? அழுக்குதான் மாமா. நெஜமா.

தொட்டிக்காரர்: போயிட்டாரு. செருப்புச் சத்தம்கூட இல்லாம எப்படி வந்து நின்னாரு!

அண்ணி: கேட்டிருப்பாரா?

தொட்டிக்காரர்: கேட்டிருந்தா இப்படிச் சும்மா போவாரா?

*

தொட்டிக்காரர்: அண்ணி, இங்க வாங்க, ஓடி வாங்க! இந்த ஓரத்தப் பாருங்க.

அண்ணி: பழுப்பா இருக்கு. அழுகுதா?

தொட்டிக்காரர்: அழுகலா? நிறம் திரும்புது! பாசி மறுபடி குடி வந்துடுச்சு. மூளைப் பவளம் பொழைச்சுடுச்சு. மான்கொம்புல பாதி போச்சு, அத வெட்டிட்டேன். மீதிப் பாதி நிக்கும். நாலு மாசம் போராடினதுக்குப் பலன்.

அண்ணி: ...அவரு இருந்தா இந்நேரம் தெருவுக்கே போன் பண்ணியிருப்பாரு.

தொட்டிக்காரர்: டைமரும் அதுக்கப்புறம் மாறவே இல்லையே?

அண்ணி: மாறல. நான் அதுல "தொடாதீங்க, எல்லாம் செத்துடும்"னு ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். அன்னையில இருந்து யாரும் தொடல.

தொட்டிக்காரர்: யாருக்கு எழுதினீங்க?

அண்ணி: யாருக்கோ. ஆனா தண்ணி மட்டும் இன்னும் கோட்டுலயே நிக்குது. நாற்காலியும் சில நாள் சூடாத்தான் இருக்கு.

தொட்டிக்காரர்: போதும் அண்ணி, அந்தப் பேச்ச விடுங்க. ஜாடிய எடுத்துக்கிட்டீங்களா?

அண்ணி: பையில இருக்கு. மெதுவாப் பேசுங்க, மாமா முழிச்சிருக்காரு.

தொட்டிக்காரர்: கடலுக்கே போயிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?

அண்ணி: ஆழத்துக்கு வேண்டாம். கரையோரமா, முட்டளவு தண்ணியில. நானும் கூட நிப்பேன். வீட்லயே அடைச்சு வச்சு இதுகளத்தான் சாகடிக்கப் பாத்தேன்... போதும். வண்டி எங்க நிறுத்தியிருக்கீங்க?

தொட்டிக்காரர்: வாசல்லயே. வாங்க... அண்ணி. கதவுகிட்ட.

அண்ணி: மாமா? என்ன இது, சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு... செருப்பு வேற? எங்க கெளம்பிட்டீங்க?

பெரியவர்: உங்ககூட.

அண்ணி: பேசறீங்களே மாமா! நாங்க... கடைக்குத்தான் போறோம். தொட்டிக்கு உப்பு வாங்கணும். நீங்க எதுக்கு வெயில்ல?

பெரியவர்: உப்பு மூட்டை அலமாரியில இன்னும் பிரிக்காம இருக்கு. தண்ணி ஊத்தறப்ப தினமும் பாக்கறேன்.

அண்ணி: ...நீங்களா ஊத்தறீங்க?

பெரியவர்: அவன் ஊத்தறதப் பாத்திருக்கேன். நீ கண் அசந்தா வந்து உக்காருவேன். லைட்டும் நான்தான் போட்டேன். சின்ன வயசுல இருட்டுல படுக்க மாட்டான்... அது கெடுதல்னு நீ எழுதி ஒட்டின பிறகு விட்டுட்டேன்.

அண்ணி: மாமா, அப்ப உங்களுக்கு... அவரு இங்க இருக்காருன்னு யாரு சொன்னா? நான் ஸ்பூன்ல போட்டதப் பாத்தீங்களா?

பெரியவர்: அதுக்கெல்லாம் முன்னாடியே தெரியும்மா. நாப்பது வருஷம் கொத்தனார் வேல பாத்தவன் நான். அன்னைக்குப் படகுல செம்புக்குள்ள கைய விட்டதுமே, இது நம்ம தொட்டி மணல்னு விரல் சொல்லிடுச்சு, அப்ப அவன் இங்கதான்னு புரிஞ்சுபோச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க, உன்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அழுதுக்கிட்டே தூவினேன்... இந்தத் தடவையாவது என் புள்ளைய என் கையில குடு.