மூன்றாவது முத்திரை

இந்த உலகத்தில் எழுதாத மனிதன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பதினேழு வருடம் ஒரு பதிப்பகத்தில் பிரதி படிப்பவனாக இருந்தவன், பார்த்ததைச் சொல்கிறேன். பல் டாக்டர் எழுதுகிறார், பல்லைப் பறிகொடுத்தவரும் எழுதுகிறார். ஓய்வுபெற்ற நீதிபதி எழுதுகிறார், அவரிடம் தண்டனை வாங்கியவர் அதைவிடச் சுத்தமாக எழுதுகிறார். என் தங்கை புருஷன் தன் கல்யாண வாழ்க்கையை நாவலாக்கி, அவளுக்குத் தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான் மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. ஆகவே ஐயா, நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். ஜோடிப்பதற்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பதிப்பகத்துக்கு வயது தொண்ணூற்று நாலு. நான் சேர்ந்தபோது முப்பத்தொரு பேர் இருந்தோம். கடைசியில் நான்கு பேர், கிடங்குப் பூனையைச் சேர்க்காவிட்டால் மூன்று. முதலாளி, பைண்டர், நான். மாடியில் டியூஷன் சென்டர் வந்தது, முன்கூடத்தில் தையல் மிஷின் விற்றார்கள். எங்களை வாழவைத்தது மாதிரிக் கடிதங்கள் அடங்கிய ஒரு கையேடு. லீவு கேட்பதிலிருந்து காதலைச் சொல்வதுவரை இருநூறு கடிதம். ஜனங்கள் கடிதம் எழுதுவதை விட்ட அன்றே எங்களுக்கும் இழுக்க ஆரம்பித்துவிட்டது.

என் அறை பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் சுவர். சில நாள் மாலையில் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதுதான் என் குரலை நானே அன்றைக்கு முதல்முறையாகக் கேட்பேன். யாரோ சளி பிடித்தவன் பேசுவதுபோல இருக்கும்.

நிறுவனர் வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று உண்டு. பிரதி கையால் எழுதியிருக்க வேண்டும், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், ஓர் அடித்தல் கூடாது. என் மேஜையில் மூன்று முத்திரைகள். 'ஏற்பு' குத்தினால் பிரதி முதலாளி அறைக்குப் போகும், எழுதியவரும் அங்கே போய்விடுவார். 'மறுப்பு' குத்தினால் தபாலில் திரும்பும். 'திருத்தம்' குத்தினால் எழுதியவர் நேரில் வந்து என் எதிரே உட்கார வேண்டும், பக்கம் பக்கமாக இருவரும் பார்க்க வேண்டும், பிறகு அவர் முதல் தாளிலிருந்து முழுவதையும் மறுபடி எழுதித் தர வேண்டும். அடித்தல் கூடாதல்லவா.

வருகிறவர்கள் தாழ்வாரத்துப் பெஞ்சில் காத்திருப்பார்கள். பையைத் தரையில் வைக்கமாட்டார்கள். "வந்துருச்சுப்பா, மடில புள்ளயோட" என்பார் பைண்டர். அவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்." பிரதியோடு ஒரு விளக்கக் கடிதம் இருக்கும், பல சமயம் பிரதியைவிடச் சுவாரஸ்யமாக. நானும் பைண்டரும் அதை வாசித்துச் சிரிப்போம். நாள் முழுக்க எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது அது ஒன்றுதான்.

அப்படித்தான் அந்த அக்காவின் பிரதியும் வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர். கதையும் அதுதான். தூர ஊரிலிருந்து வாராவாரம் அம்மாவிடம் பொய் சொல்லும் மகன், நடுவில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண், ஒருநாள் அவள் இடையில் பேசிவிடுகிறாள். பஸ்ஸில் படிக்க ஆரம்பித்து, இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி டெப்போவரை போய்விட்டேன்.

மறுநாள் 'ஏற்பு' முத்திரையைக் கையில் எடுத்தேன். பிறகு அதை வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தேதி தவறியிருந்தது. இல்லாததை நான் சொல்லவில்லை.

அவர் வந்து உட்கார்ந்தார். நான் "வாங்கக்கா" என்றேன், அவ்வளவுதான்.

"சளியா தம்பி?"

"இல்லக்கா. காலைலேர்ந்து பேசல. அதான்."

"யார்கூடயுமா?"

"பூனைகிட்ட ரெண்டு வார்த்தை."

"அது பதில் சொல்லுச்சா?"

"இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கு."

அவர் சிரித்தார். அந்தத் தேதியைத் திருத்த எங்களுக்கு நாலு மணி நேரம் பிடித்தது.

எட்டு மாதத்தில் இரண்டாவது பிரதி வந்தது. அம்மா பாத்திரம் வேண்டாம் என்றேன். மூன்றாவதில் அம்மா இல்லாதது குறையாகத் தெரிந்தது. நான்காவதில் முடிவை முன்னால் கொண்டுவரச் சொன்னேன். ஐந்தாவது, முதல் பிரதி எப்படி இருந்ததோ அப்படியே வந்து நின்றது. அதற்கும் மூன்றாவது முத்திரைதான். ஒவ்வொரு தடவையும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பேசினோம். வருடத்தில் ஒன்றிரண்டு பகலுக்குமேல் நான் ஆசைப்பட்டதில்லை. இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

நாலாவது தடவையே பூதக்கண்ணாடியோடுதான் வந்தார். "டாக்டர் கண்ண ரொம்பச் சிரமப்படுத்தாதீங்கன்னுட்டாரு, தம்பி. புஸ்தகமா வந்து, கையில வச்சு, ஒரு தடவை என் கண்ணால பாத்துட்டாப் போதும். அப்புறம் அது எப்படிப் போனா என்ன."

"நாவல்னா அவசரம் ஆகாதுக்கா" என்றேன். பொதுவாக அது நல்ல அறிவுரைதான்.

முதலாளியும் ஒருநாள் என் அறைக்கு வந்தார். அதற்கு முன்னால் எப்போது வந்தார் என்று நினைவில்லை. "ஒண்ணே ஒண்ணு போதும்யா. எடுத்தவன் கீழ வைக்கக்கூடாது, அப்படி ஒண்ணு. இல்லேன்னா கட்டடத்தக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான். ஏதாச்சும் தேறுதா?"

"வந்தாச் சொல்றேன் சார்."

அக்காவின் பிரதி மேஜை இழுப்பறையில், என் முழங்காலை உரசிக்கொண்டு இருந்தது.

ஆறாவது பிரதியில் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் பாதியில் எழுத்து மங்கிக்கொண்டே போய் நின்றுவிட்டது. பேனாவில் மை தீர்ந்திருக்கிறது. அது தெரியாமல் அவர் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். நூற்றைம்பத்திரண்டாம் பக்கத்தில் யாரோ மை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். நடுவில் நாற்பது தாள் வெறும் வெள்ளை. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் பேனா முள் கீறிய தடம் தெரியும். நான் எல்லாத் தாள்களையும் சாய்த்துப் பார்த்தேன். பொறுப்பில்லாமல் இருந்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பிறகு முத்திரை குத்தி, வழக்கமான கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: 'நூற்றுப்பன்னிரண்டு முதல் நூற்றைம்பத்தொன்று வரை மிக நன்றாக வந்திருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம்.'

இந்தத் தடவை அவருடைய மகள்தான் வந்தாள். என்ன திருத்தம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறேன் என்றாள். உட்கார்ந்தபடியே தாள்களைப் புரட்டினாள். புரட்டியவள் நின்றாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க, தெரியும்."

"அம்மாவுக்கு இப்ப வெளிச்சம் இருக்கா இல்லையாங்கறது மட்டும்தான் தெரியுது. இன்னைக்கும் பேனாவ வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, நீங்க என்ன சொல்லி அனுப்புவீங்கன்னு. இந்த நாப்பது பக்கமும் நல்லாருக்குன்னு எழுதியிருக்கீங்களே, எதப் படிச்சீங்க?"

"படிக்க வேண்டியதில்ல. எனக்கு மனப்பாடம்."

அவள் என்னைப் பார்த்தாள். அம்மாவைப் போலவே குரலைக் கூர்ந்து கேட்கிறவள்.

"அப்ப எப்பலேர்ந்து நல்லாருக்கு?"

மறைக்க ஒன்றுமில்லை. "முதல் தடவைலேர்ந்து."

அவள் சத்தம் போடவில்லை. தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். "இத நான் அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன். நீங்க வீட்டுக்கு வந்து உங்க வாயால சொல்லுங்க."

"என்னைக்கு வரட்டும்?" என்றேன். என்னை யாரும் வீட்டுக்குக் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது, அதனால் என் குரலில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்திருக்கலாம். அவள் பையோடு எழுந்து போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

அந்த வருடமே கட்டடம் கைமாறியது. பைண்டர் பூனையைக் கொண்டுபோனார். நான் முத்திரைகளை எடுத்துக்கொண்டேன். அக்கா வீட்டுக்கு நான் போகவில்லை. சொல்லிவிட்டால் அதற்குப்பிறகு அவர் எனக்காகக் காத்திருக்க மாட்டாரே.

நஷ்டம் யாருக்கும் வேண்டாம் என்று நினைத்தேன். எட்டு மாதம் உட்கார்ந்து அந்த நாவலை மனதிலிருந்து எழுதி முடித்தேன். கையால், ஒரு பக்கத்தில் மட்டும், ஓர் அடித்தலும் இல்லை. முதல் பிரதிதான், தேதி மட்டும் சரியாக. முடிவை லேசாக மாற்றியிருக்கிறேன். அக்கா மறுத்திருக்க மாட்டார், ஒருமுறைகூட மறுத்ததில்லை.

உங்கள் பதிப்பகத்துத் தாழ்வாரத்திலும் பெஞ்சு போட்டிருக்கிறீர்கள். நல்ல பெஞ்சு. பையை மடியில் வைத்து, அதன்மேல்தான் இந்த விளக்கக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது. முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் என்ன விஷயம் என்று கேட்டாள். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன்.

எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்கா பெயரைப் போட்டால், திருத்தம் பேச நீங்கள் அவரையல்லவா கூப்பிடுவீர்கள்.