முதுகுக்குப் பின்னால் ஒரு நிலா

ஹலோ... ஆமா அண்ணி, நான்தான். ஏன் இப்படிக் குசுகுசுன்னு பேசறீங்க? காதுல காத்து மட்டும்தான் வருது... எங்கே இருக்கீங்க?... ஆய்வுக்கூடத்துலயா? கதவைச் சாத்திக்கிட்டா? ஐயையோ, பாடம் எடுக்கற வீடியோவை அனுப்பச் சொன்னா, திருட்டு நகை விக்க வந்தவங்க மாதிரி...

சரி சரி, சிரிக்கல. சொல்லுங்க.

ம்... ம்... என்னது? பயிற்சியிலேருந்து உங்க பேரை எடுக்கணுமா? அண்ணி, உடம்பு நல்லாத்தானே இருக்கு? டிஜிட்டல் பயிற்சி எப்போ வரும், எப்போ வரும்னு என்னை நச்சரிச்சது யாரு? 'என் பொண்டாட்டி என்கிட்ட பேசறதைவிட உன்கிட்ட கம்ப்யூட்டரைப் பத்திப் பேசறதுதான் அதிகம்'னு அண்ணன் பொருமற அளவுக்கு...

இருங்க, இருங்க. இப்போ நாத்தனாரா பேசல, பயிற்சிப் பொறுப்பாளரா பேசறேன். பதினொரு டீச்சருங்க அனுப்பியாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. அஞ்சு மணிக்கு வீடியோ அனுப்பற தளம் தானா மூடிக்கும், என் கையில ஒண்ணும் இல்ல. மூடிட்டா, உங்க ஸ்கூல்ல அந்தப் பெரிய திரை வச்ச வகுப்பறை இந்த வருஷம் உங்களுக்குக் கிடையாது. தெரியும்தானே?... தெரியும்னா அப்புறம் என்ன?

யாரு?... வாயாடியா? அது யாரு வாயாடி?... ஓ, மூணாவது வரிசைப் பொண்ணு. சரி... நீங்க பலகையில எழுதறப்போ... உங்களை மாதிரியே... நடிச்சுக் காட்டறாளா?

ஹ... இல்ல, இருமல். இருமல்தான் அண்ணி!

ஆமா. ஆமா. போனைப் பக்கவாட்டு ஜன்னல்ல வைங்கன்னு சொன்னது நான்தான். டீச்சரும் தெரியணும், பிள்ளைங்களும் தெரியணும்னு சொன்னேன். இவ்வளவு நல்லாத் தெரியும்னு நான் என்னத்தைக் கண்டேன்?

இல்ல, வெட்டக் கூடாது... கொஞ்சம்கூட வெட்டக் கூடாது. முழுப் பாடமும் வேணும். வேண்டாத சொந்தக்காரங்களை வெட்டி எடுக்க இது என்ன கல்யாண ஆல்பமா?... மத்தியானம் 'வெளிச்சம் சரியா இருக்கா பாரு'ன்னு எனக்குத் தனியா அனுப்பினீங்களே, அதுதானே இது? நான் இன்னும் திறக்கவே இல்ல... திறக்காமலே அழிச்சிடவா? நல்லா இருக்கே, இப்போதானே எனக்குப் பார்க்கவே ஆசை வருது.

லைன்லயே இருங்க. இங்கே கம்ப்யூட்டர்ல போடறேன்... ஓடுது... அந்த நீலப் புடவை உங்களுக்கு எடுப்பா இருக்கு அண்ணி... ஆமா, அதையும்தான் பார்ப்பேன். ம்... எழுதறீங்க... எழுதறீங்க... எழுதிக்கிட்டே இருக்கீங்க... ஆஹா! எழுந்துட்டா!

ஐயோ, இல்லாத புடவைத் தலைப்பை இழுத்து இடுப்புல செருகறா! சாக்பீஸை நெத்தியில தட்டறா! 'புரியலைன்னா இப்பவே கேட்டுடுங்க, பரீட்சையில கேக்காதீங்க'... அண்ணி, இது நீங்களேதான்! அண்ணனுக்கு அனுப்பவா?... சரி, அனுப்பல. அனுப்பலன்னு சொல்றேன்ல.

...இருங்க.

...ஒரு நிமிஷம் பேசாதீங்க.

அண்ணி, இதைச் சத்தத்தோட பார்த்தீங்களா?... சத்தத்தை அணைச்சுட்டா பார்த்தீங்க? ஏன்?... பக்கத்துல கணக்கு டீச்சர் இருந்தாங்களா. அதானே பார்த்தேன்.

அப்போ நான் சொல்றதைக் கேளுங்க. நிலா ஏன் நமக்கு ஒரே முகத்தையே காட்டுதுன்னுதானே நீங்க எழுதறீங்க? இவ ஒரு பையனை வரிசைங்களுக்கு நடுவுல உக்கார வச்சிருக்கா... ஆமா, கண்ணாடி போட்டவன். 'நீதான் பூமி, என்னையே பாரு'ங்கறா. முதல்ல பலகையைப் பார்த்த முகத்தைத் திருப்பாமலே அவனைச் சுத்தி வர்றா. 'இப்போ என் முதுகு தெரியுதா?' தெரியுதுங்கறான். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டே சுத்தறா. 'இப்போ?' முகம் மட்டும்தான் தெரியுதாம். 'அப்போ உன்னை ஒரு சுத்து வர்றதுக்குள்ள நானும் ஒரு சுத்து திரும்பிட்டேன்தானே, மண்டு'ங்கறா... 'மண்டு' உங்க வார்த்தையா?... சும்மா கேட்டேன்!

கடைசி வரிசையைப் பாருங்க. தூங்கி வழியற கூட்டம்னு சொல்வீங்களே, அவங்க எல்லாரும் எழுந்து நின்னு எட்டிப் பார்க்கறாங்க. நீங்க திரும்பினீங்க, எல்லாம் கப்சிப்.

...அண்ணி? இருக்கீங்களா?

ம்... ம்... நீங்க மோசமா நடத்தறீங்கன்னு இப்போ யாரு சொன்னா?... இல்ல, கேளுங்க. அவளுக்கு அது எங்கேயிருந்து வந்துச்சு? காத்துலயா வந்துச்சு? எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நீங்க வாயால சொன்னதைத்தான் அவ காலால நடந்து காட்டறா. நீங்க சொல்லலைன்னா அவளுக்கு ஏது நிலா?... ஆமா, எழுதறது ஜாஸ்திதான். அதை நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்.

வேதியியல் டீச்சர் சிரிப்பாங்களா? சிரிக்கட்டுமே. அவங்க வீடியோல பின்னாடி ஒரு பையன்... இல்ல, அதைச் சொல்லக் கூடாது... சொல்லக் கூடாதுன்னா சொல்லக் கூடாது! அனுப்பினவங்கதான் மத்தவங்களுதைப் பார்க்க முடியும். நான் என்ன பண்றது, சட்டம் அப்படி.

பிள்ளைங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சம்மதம் வாங்கிட்டீங்கதானே? வாயாடி வீட்டுலயும்?... அப்புறம் என்ன? நம்ம குழுவைத் தவிர வேற யாரும் பார்க்கப் போறதில்ல.

நாலே முக்கால் தாண்டிடுச்சு அண்ணி.

...இல்ல, நான் வற்புறுத்தல. வேண்டாம்னா பேரை எடுத்துடறேன்... நிஜமாத்தான் சொல்றேன். உங்க முகம், உங்க முதுகு. நான் யாரு?

...

...

என்ன சத்தம் அது? நாற்காலியா?... அழுத்திட்டீங்களா? அனுப்பறீங்களா?... ஏறுதா?... நின்னுடுச்சா? அந்த மூலைக்குள்ள உக்கார்ந்தா நெட் எங்கேயிருந்து வரும்? கதவைத் திறந்து வெளியே வாங்க... கணக்கு டீச்சர் நின்னா நிக்கட்டும். இனிமே என்ன ஒளிவு மறைவு?... வருது. வருது வருது... அசையாதீங்க... வந்துடுச்சு! பன்னிரண்டு!

அப்பாடா. அண்ணன்கிட்ட சொல்லி இன்னிக்குச் சமையலை அவரையே பார்க்கச் சொல்லுங்க... ஆமா, அது தண்டனை உங்களுக்குத்தான்.

சரி, அந்தப் பொண்ணை என்ன பண்ணப் போறீங்க?... திட்டப் போறதில்லையா? நல்லது. முன்னாடி கூப்பிட்டு நடத்தச் சொல்லுங்களேன்... ஓ... கேள்வி கேட்டா எழுந்து நின்னு தரையைப் பார்ப்பாளா? இவளா? இந்த ஆட்டம் ஆடறவளா?... முன்னாடி வந்தா வாயே திறக்காதா... நீங்க பார்க்காதப்போதான் வாயாடியா. ம்... பாவம்தான். அப்போ என்ன வழி?

...வேணும்னேவா?

...நாளைக்குக் கிரகணப் பாடம்... மெதுவா, பெரிய எழுத்துல... படமெல்லாம் போட்டு... அவ நடத்தி முடிக்கற வரைக்கும் திரும்பாமலே?

அண்ணி...

இல்ல, ஒண்ணும் இல்ல. இது நிஜமாவே இருமல்தான்.

எழுதுங்க. பலகை நிறைய எழுதுங்க. ஆனா ஒண்ணு, பின்னாடி என்ன கேட்டாலும் சிரிச்சிடாதீங்க. முதுகு குலுங்கினா கண்டுபிடிச்சிடுவாங்க... ஆமா... ஆமா... வச்சிடறேன்.