வீல் மட்டும்

இல்லண்ணே, வண்டி கொண்டு வரல. வீல் மட்டும்தான். பாத்து இறக்குங்க, அந்தப் பக்கம் போர்வை விலகியிருக்கு. ஆமா, போர்வையில சுத்தித்தான் கொண்டு வந்தேன். வெறுமனே டாக்ஸி டிக்கியில போட்டா இன்னும் நாலு கீறல் சேந்துடுமே.

இங்க பாருங்க, ஓரமா. கண்ணுக்குப் பெருசாத் தெரியாது, விரல வெச்சாத் தெரியும். நடைபாதைக் கல்லுல உரசினது. ஒரு சாண் கூட இருக்காது. சிரிக்கிறீங்க. இதுக்காகவா ஒரு பொம்பள இத்தனை கனத்தத் தூக்கிட்டு வந்திருக்கான்னு தோணுது, இல்ல? எங்க வீட்டுக்காரர் முன்னால சிரிச்சுப் பாருங்க.

நாளைக்கு வாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. பட்டி வெக்கணுமா, வெய்ங்க. தேய்க்கணுமா, தேய்ச்சு பெயிண்ட் அடிங்க. நான் இப்படி ஸ்டூல்ல உக்காந்துக்கிறேன். எனக்கு ஒரு வேலையும் இல்ல. வீல்ல ஒரு கீறல் இருந்தாலும் வண்டி வாசலத் தாண்டக் கூடாது, அது எங்க வீட்டுச் சட்டம். ஸ்டெப்னியா? அது சாதா இரும்பு வீல். மூணு காலுக்கு ஷூ, ஒரு காலுக்கு ரப்பர் செருப்பா போட்டுக்கிட்டுப் போறதுன்னு கேப்பார்.

நான்தான் கழட்டினேன். ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஜாக்கி வெக்கிறது என்ன பெரிய வித்தையா? ஞாயித்துக்கிழமை ஆனா நாலையும் கழட்டி, உள்பக்கம் பல் பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். பிரேக் தூசி இருக்கே, நகத்துக்குள்ள போனா லேசுல போகாது. கல்யாணமான புதுசுல எங்க அம்மா என் கையப் பாத்துட்டு, ஏன்டி, மாப்பிள்ளை பேங்க்ல வேலைன்னுதானே சொன்னாங்கன்னு கேட்டாங்க. கைய முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்.

அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் தேய்ங்கண்ணே. ம், அங்கதான். அவர் விரல் கரெக்டா அங்க வந்து நிக்கும்.

தெருப் பசங்க அவருக்கு வீல் மாமான்னு பேர் வெச்சிருக்காங்க. நான் வண்டியில கடைக்குப் போயிட்டு வந்தா என் மூஞ்சியப் பாக்க மாட்டார். ஒவ்வொரு வீல் கிட்டயும் குந்தி உக்காந்து, கட்டை விரலால ஒரு சுத்து சுத்துவார். நாலும் முடியிற வரைக்கும் நான் பையோட கதவுகிட்ட நிக்கணும். சரின்னு தலைய ஆட்டினாத்தான் உள்ள போவேன். ஒரு தடவ ஆட்டல. வண்டியோட என்னையும் ஷெட்டுல விட்டு வெளியில பூட்டிட்டார். பொழுது விடிஞ்சுதான் திறந்தார். அடிச்சாரான்னா? சேச்சே. கை நீட்ட மாட்டார். மரியாதையான ஆளு.

அது என் பைதான். அடிக்கட்டும் விடுங்க. என் போன் இல்ல, அவரோடது. அவங்க அக்காவா இருக்கும், வெளியூர்ல இருக்காங்க, தெனம் இந்நேரத்துக்குக் கூப்பிடுவாங்க. எடுத்தா எங்க இருக்கான் என் தம்பின்னு ஆரம்பிப்பாங்க, அதுக்கு வேற பதில் சொல்லணும். என் பைக்குள்ள எப்படி வந்துச்சுன்னா? வர்ற அவசரத்துல ரெண்டையும் சேத்துப் போட்டுக்கிட்டு வந்துட்டேன் போல.

பாத்தீங்களா, நின்னுடுச்சு.

ப்ரைமர் இவ்வளவு போதுமா? சரி, உங்களுக்குத் தெரியாதா. இல்ல, இந்தத் தடவ நான் இடிக்கல. அதான் வேடிக்கை. அவரே இடிச்சார். நேத்து மருந்துக்கடை வாசல்ல வண்டிய ஓரங்கட்டும்போது கர்ருன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நல்லா தெரியும். இறங்கிப் பாத்தார். திரும்பி வந்து உக்காந்துக்கிட்டு, நீ பேசிக்கிட்டே வந்தே, அதான்னார். நான் வாயே திறக்கலண்ணே. வீட்டுக்கு வந்து சாப்பாட்டத் தொடல. காலைல முதல் வேலையா இத எடுத்துக்கிட்டுப் போன்னு மட்டும் சொன்னார்.

அதான் எழுந்ததும் கழட்ட ஆரம்பிச்சேன். பக்கத்துல நின்னு, அப்படி இல்ல, இப்படின்னு சொல்லிக்கிட்டே இருந்தார். கடைசி நட்டக் கழட்டும்போது சத்தத்தக் காணோம். என்னடா இதுன்னு திரும்பிப் பாத்தா, செவுத்துல சாஞ்சு தரையில உக்காந்திருக்கார். சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. நெஞ்சுல கைய வெச்சு அமுக்கிக்கிட்டு, டாக்ஸி கூப்பிடுங்கிறார். டாக்ஸி! அவர் வாயால!

கூப்பிட்டேனே. கூப்பிடாம இருப்பேனா? உடனே வந்துடுச்சு. அதுலதான் வீல ஏத்திக்கிட்டு வந்தேன்.

ஏன் நிறுத்திட்டீங்க? அடிங்கண்ணே, பாதியில விட்டா திட்டுத் திட்டாத் தெரியும். அவர் ஷெட்டுலதான் இருக்கார். கதவ இழுத்துப் பூட்டிட்டுத்தான் வந்தேன், திறந்து கிடந்தா வண்டியில தூசி படியும். போகும்போது சொன்னேன், உங்க வேலையத்தாங்க முதல்ல முடிக்கப் போறேன்னு. ஏதோ சொல்ல வந்தார். சரியாக் கேக்கல.

ஆம்புலன்ஸ் எதுக்கு? உக்காருங்க முதல்ல. கைய எடுங்க, பெயிண்ட்ல பட்டுடப் போகுது. வலி வந்தவுடனே உசுரு போயிடுமா? எனக்கும்தான் ஒரு நாள் வலி வந்துச்சு, மத்தியானம். ஏழாவது மாசம். ஒரு வீல் பெயிண்டுக்குப் போயிருந்துச்சு, வண்டி இதே மாதிரி ஜாக்கி மேல. டாக்ஸி கூப்பிடுங்கன்னு நான் கேட்டேன். சொந்த வண்டிய வீட்டுல வெச்சுக்கிட்டு டாக்ஸியில போனா ஊரே சிரிக்கும், கொஞ்சம் பொறுத்துக்க, கடையில கேக்குறேன்னார். கேக்கவும் செஞ்சார். பாவம், நானும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போட்டார். பெயிண்ட் காயல சார், இப்ப எடுத்தா விரல் தடம் விழுந்துடும், சாயங்காலம் வாங்கன்னீங்க.

நீங்கதாண்ணே. வேற யாரு, அவர் உங்க கடைய விட்டா எங்கயும் குடுக்க மாட்டார். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, எத்தனை வீல் வந்துட்டுப் போயிருக்கும். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன பிரயோசனம்? வயித்துலயே போயிடுச்சு, பொம்பளைப் பிள்ளைன்னு மட்டும் சொன்னாங்க. ஐயோ, உங்கள ஒண்ணும் சொல்லலையே. நீங்க சொன்னது சரிதான். காயாம எடுத்தா தடம் விழத்தான் செய்யும்.

போன எதுக்கு எடுக்குறீங்க? அட்ரஸா? அட்ரஸ் எதுக்குண்ணே? நல்லா காயட்டும், நானே எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்.