முன் இடது, முன் வலது

என் கையெழுத்து அழகாக இருக்கும். தாம்பரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலம் முழுவதும் பள்ளியின் அறிவிப்புப் பலகையை நானே எழுதினேன். நான் எழுதியதை எவரும் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை. என் மகள் வேதாவும் அப்படித்தான்.

வேதா பொறியியல் இறுதியாண்டில் இருந்தாள். போட்டி ஒன்றுக்காக அவளும் வகுப்புத் தோழர்களும் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு ரோபோவைச் செய்தார்கள். இரண்டு அலமாரிகளுக்கு இடையிலுள்ள குறுகிய பாதையில் அது பெட்டிகளை அடுக்க வேண்டும். எந்தச் சக்கரத்தைப் பூட்டுவது என்பதில்தான் சண்டை. வேதா மெக்கானம் சக்கரமே வேண்டுமென்றாள். அதன் விளிம்பைச் சுற்றிச் சிறு உருளைகள் சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் வண்டி திரும்பாமலேயே பக்கவாட்டில் நகரும்.

"எதுக்கு இவ்ளோ அலப்பறை? நாலு ரப்பர் வீல் போட்டா ஓடாதா?" என்றான் வகுப்புத் தோழன் ஆல்வின்.

"ஓடும். திரும்ப எடம் எங்கடா கீது? நண்டு மாதிரி சைடுல போனாதான் உண்டு."

"சொதப்பினா உன் தலையிலதான் விடியும், பாத்துக்க."

"விடியட்டும்."

அவள் தேர்வு சரியானது. அதை நான் மறுக்கவில்லை. ஒத்திகையில் ரோபோ வழுக்கியதுபோல் பக்கவாட்டில் சென்று நின்றபோது, ஆல்வின் அவள் முன்னால் குனிந்து, "தெய்வமே, கால காட்டு" என்றான். கொட்டகையே சிரித்தது.

வெல்லும் அணியினரைப் புனேயிலுள்ள ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்திருந்தார்கள். வேதா புதுப் பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

"தினமும் வீடியோ கால் பண்றேன்ப்பா. சாப்பாட்டுக்கு மெஸ்ல சொல்லிடலாம்."

என் மனைவி காந்திமதி இறந்தபின் அந்த வீட்டில் நான் பேசுவதற்கு வேதா ஒருத்தியே இருந்தாள். பெற்றவனை ஒரு மெஸ்ஸின் பொறுப்பில் விட்டுச் செல்வது என்ன நியாயம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பிள்ளையின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கும் தகப்பன் நான் அல்லேன்.

சக்கரங்களைக் கழற்றினால்தான் ரோபோ ஆட்டோவுக்குள் நுழையும். போட்டியன்று காலை அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி, அதன் இடத்தைச் சொல்லி, என் கையில் கொடுத்தாள். நான் சீட்டு எழுதி ஒட்டினேன். உருளைகளின் சாய்வைத் தவிர இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் வேறுபாடில்லை. முன்சக்கரங்களை மாற்றிப் பூட்டினால் வண்டி முன்னும் பின்னும் ஒழுங்காக ஓடும். பக்கவாட்டில் மட்டும் போகாது. இதை எனக்கு விளக்கியவளும் அவளே.

போட்டி நடந்த கல்லூரி அரங்கில் 'பரிசலிப்பு விழா' என்று பதாகை கட்டியிருந்தார்கள். கல்லூரி வைத்து நடத்துகிறவர்களுக்கு ளகரம் எங்கே வரும் என்று தெரியவில்லை. வேதா சீட்டுகளைப் பார்த்துச் சக்கரங்களைப் பூட்டினாள். நடுவர் அவசரப்படுத்தினார், அவள் கைகள் மின்கம்பிகளில் இருந்தன.

"அப்பா, மேலேருந்து பாருங்க. நாலும் சேந்து பெருக்கல் குறி மாதிரி தெரியணும். உங்க கண்ணுக்குத் தப்பாது."

குனிந்து பார்த்தேன். சரியாக இருக்கிறது என்றேன்.

ரோபோ பாதைக்குள் நேராகச் சென்றது. பக்கவாட்டில் நகர வேண்டிய இடத்தில், நின்ற இடத்திலேயே சுழன்று, அலமாரியில் மோதிப் பெட்டிகளைச் சரித்தது.

"ஆஃப் பண்ணு வேதா, ஆஃப் பண்ணு," என்ற ஆல்வின், பிறகு மெல்ல, "சாதா வீலு போதும்னு அன்னிக்கே சொன்னேன்ல," என்றான். அப்போது நான் அமைப்பாளரிடம் பதாகையைப் பற்றி எடுத்துரைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில், ஆட்டோவில், கழற்றி மடியில் வைத்திருந்த சக்கரங்களைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "முன்னாடி ரெண்டும் மாறியிருக்குப்பா. கழட்டும்போது நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவள் மாற்றிச் சொல்லவில்லை. முன் இடது என்று தெளிவாகச் சொல்லியே கொடுத்தாள். நான் அதன்மேல் முன் வலது என்று எழுதி ஒட்டினேன். அடுத்ததன்மேல் முன் இடது. நிதானமாகவே எழுதினேன், எழுத்து கோணவில்லை.

வேதா இப்போது பல்லாவரத்தில் ஒரு தோல் பொருள் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். வேறு வேலை கிடைத்துப் புனே சென்றுவிட்ட ஆல்வின் அழைத்தால் எடுப்பதில்லை. கொட்டகையில் ரோபோமேல் ஒரு பழைய போர்வை கிடக்கிறது. முன்பெல்லாம் எதையும் தானே துணிந்து செய்வாள். இப்போது என்னிடம் காட்டாமல் எதையும் முடிப்பதில்லை. கதவைப் பூட்டிவிட்டு என்னை அழைக்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நிற்கிறாள்.

"கேஸ மூடிட்டேனாப்பா? ஒரு தடவ பாருங்களேன். எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை இல்ல."

நான் எழுந்து சென்று, பார்த்து, சரியாக இருக்கிறது என்கிறேன். அதன்பிறகே உறங்கப் போகிறாள்.

அன்று ஆட்டோவில் அவள் தலையைத் தடவி, பிழை எவருக்கும் நேரும் என்றேன். அதற்காக ஒருநாளும் நான் அவளைக் கடிந்துகொண்டதில்லை.