பஸ்ஸுமில்ல, வண்டியுமில்ல

— இந்த சீட்டு வேண்டாம் பாய். அம்மிக்கல்லுல உக்காந்த மாதிரி இருக்கு.

— மருதப்பண்ணாச்சி, காலைலேருந்து இது ஆறாவது சைக்கிள். நீங்க உக்காராத சீட்டு இனி சங்கரன்கோயில்லயே கிடையாது.

— நல்ல ஸ்பிரிங்கு வச்சது இருந்தா எடும்வே. சைக்கிள் கடை யாகூப் பாய்னு பேரு மட்டும் பெருசா இருக்கு!

— எடுக்கேன். எதுக்குன்னு சொன்னாத்தானே தோதா எடுக்க முடியும்?

— எப்பமாவது... சும்மா... தோட்டம் வரைக்கும்.

— எது? கரிவலத்துல உங்க வீட்டுக்குப் பின்னால இருக்கே, அந்தத் தோட்டமா?

— ஆமா.

— அங்கன நின்னு இருமுனா அடுப்படியில மதினிக்குக் கேக்கும். அதுக்கு மெத்து மெத்துன்னு ஒரு சீட்டு!

— நீரு யாவாரம் பண்ணுதீரா, வக்கீலு மாதிரி குறுக்கு விசாரணை பண்ணுதீரா?

— கோவப்படாதிய. இந்தா, இதைப் பாருங்க. ரெண்டு நெல்லு மூடை ஏத்துனாலும் அசையாது.

— நான் என்ன மூடையாவே? அம்புட்டு தூரம் குனிஞ்சு குனிஞ்சு மிதிச்சா இடுப்பு புடிச்சிக்கிடும்.

— எம்புட்டு தூரம்?

— ...ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— ம்... சைக்கிள் ஓட்டி எத்தனை வருஷமாச்சு?

— கல்யாணத்துக்கு முன்னால வாடகைக்கு எடுத்து ஓட்டுனது. தேரடியில ஒரு வாழைக்காய்க்காரி கூடையில கொண்டு விட்டேன்.

— அது நீங்கதானா! எங்க வாப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக.

— சரி, சரி... வேற இருக்கா, இல்லையா?

— அந்த மூலையில சாக்கு போத்தி ஒண்ணு நிக்கி பாருங்க. சாக்கை எடுங்க.

— அடேயப்பா...

— ராலே. சீமைலேருந்து கப்பல்ல வந்தது. மூணு கியர், மேட்டுல மூச்சு வாங்காது. செயினை முழுசா மூடியிருக்கான், வேட்டி மாட்டாது. ஏறுங்க, நான் புடிச்சிக்கிடுதேன்.

— காலு ரெண்டும் தரையில ஊணுது பாய். குனியவே வேண்டாம் போல. கட்டில்ல உக்காந்த மாதிரில்லா இருக்கு!

— ம்.

— ஆமா, பெல்லு ஏன் எடது பக்கம் கிடக்கு? எல்லாத்துலயும் வலது பக்கம்லா இருக்கும்?

— மாத்தித் தரவா?

— ஐயையோ, வேண்டாம்! கிணத்தடியில தண்ணி எறைக்கிற கமலைக் கயித்துல மாட்டுனதுலேருந்து எனக்கு வலது பெருவிரலு மடங்காது. இதுதான் தோது. என்னை மாதிரி வெரலு போன பய எவனோ சொல்லி வச்ச சைக்கிளா?

— சொல்லி வச்சதுதான்.

— அப்படின்னா வேண்டாம். அடுத்த ஆளு பொருளு நமக்கெதுக்கு?

— இறங்காதிய. எங்க போறதுக்குன்னு உண்மையைச் சொல்லுங்க, தாரேன்.

— ...வாசுதேவநல்லூர்.

— உங்க மக வள்ளித்தாய் வீட்டுக்கா!

— மெதுவா பேசும்வே. ரோட்டுல ஆளு போகுது.

— பதினஞ்சு மைலு அண்ணாச்சி! கடைக்கு எதுத்தாப்புலயே பஸ்ஸு நிக்கி.

— பஸ்ஸுல போக முடியாது. அவ என்னைக் கேக்காம அந்த வாத்தியாரைக் கட்டிக்கிட்டு மாலையும் கழுத்துமா நின்ன அன்னைக்கு, இங்கன கோமதியம்மன் சந்நிதியில வச்சுச் சத்தியம் பண்ணிட்டேன். 'உன் வாசலுக்கு வண்டி கட்டி வர மாட்டேன், பஸ் ஏறி வர மாட்டேன்'னு. அத்தனை பேரும் கேட்டாக.

— ரெண்டு வருஷம் ஓடிப் போச்சே...

— பேரன் பொறந்து மூணு மாசம். உம்ம மதினி சங்கரம்மா மூணு தடவை பஸ் ஏறிப் போயிப் பாத்துட்டு வந்துட்டா. 'உங்களை மாதிரியே காது'ங்கா. எனக்குச் சோறு இறங்கலை பாய். நடந்து போகலாம்னா இந்த இடுப்பு விடாது. முந்தாநாள் மம்பட்டியும் கையுமா நிக்கும்போதுதான் தோணிச்சு... சத்தியத்துல சைக்கிளைச் சொல்லலையே?

— சொல்லலை.

— அம்மன் கோவிச்சுக்கிடாதே?

— என்கிட்ட வந்து கேக்கியளே!

— சிரிக்காதேயும்வே. நான் இப்பமே கெளம்புதேன். சரி... சொல்லி வச்ச ஆளு வந்து கேட்டா நீரு என்ன பதில் சொல்லுவீரு?

— அவ கேக்க மாட்டா அண்ணாச்சி. போன வாரம் புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நின்னா. 'எங்கய்யா சத்தியத்துல சைக்கிளைச் சொல்லலை மாமா. என்னைக்காவது உங்க கடைக்குத்தான் வருவாக. ஹேண்டிலை உசத்தி, சீட்டை இறக்கி வைங்க... பெல்லை மட்டும் எடது பக்கம் மாட்டுங்க'ன்னு சொல்லிட்டுப் போனா.