ஏழாவது அத்தியாயம்

போன மாதம் நாங்கள் படித்த நாவலில் மழை கொஞ்சம் அதிகம், டாக்டர். யாராவது அழ வேண்டுமென்றால் உடனே மேகம் கூடிவிடுகிறது. பயணக் கட்டுரைகள் தேவலை. கப்பல் கட்டுவதைப் பற்றிய புத்தகத்தில், ஆணிகள் மேல் அந்த மனிதருக்கு அப்படி என்ன ஆசையோ, நாற்பது பக்கம். தாண்டிவிட்டேன்.

தாண்ட எனக்கு அனுமதி உண்டு. "போரடிச்சா தாண்டிடும்மா, உன் ரசனை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று என் கணவர், நான் அவருக்குப் படித்துக்காட்ட ஆரம்பித்த முதல் நாளே சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் என் ரசனையைப் பற்றி அவர் பேசியது அன்றைக்குத்தான். அதற்கு முன் சாப்பிடும்போது எனக்கு எதிரே தெரிந்ததெல்லாம் புத்தக அட்டைகள். நான் எதையாவது கேட்டால், பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு "ம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலு வருடத்துக்கு முன் அவருக்கு வரிகளின் ஓரம் தெரியாமல் போனது. கதவு நிலையில் இடித்துக்கொண்டார். மனுஷன் கண் டாக்டரிடமா போவார்? புத்தகக் கடைக்குப் போனார். கண் நோய்கள் பற்றி ஒன்றை வாங்கிவந்து, "நீ படிச்சுச் சொல்லு" என்றார். முதல் ஆறு அத்தியாயமும் நல்ல தெளிவான நடை. "வயசானா இப்படித்தான்னு போட்டிருக்கு" என்றேன். "அப்பாடா" என்றார்.

ஏழாவதை நான் மட்டும் சமையலறையில் நின்று படித்தேன். ஓரப்பார்வை குறைவது, இடித்துக்கொள்வது, எல்லாம் அவரைப் பார்த்தே எழுதியதுபோல் இருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறதாம். சொட்டு மருந்து போட்டால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாமாம். விட்டால் போனது போனதுதானாம். நடை ரொம்ப வறட்சி. தாண்டிவிட்டேன்.

சற்று முன் டார்ச்சை அணைத்துவிட்டு, "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று கேட்டீர்கள். அவர் என் கையைத் தடவிப் பிடித்து, "அவளைத் திட்டாதீங்க டாக்டர், அவ இல்லேன்னா என் கதி என்ன" என்றார். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்திருக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதையில்லை.

இப்போது நாங்கள் நிறையப் பேசுகிறோம். அந்த மழையைப் பற்றி மட்டும் அரை நாள் சண்டை போட்டோம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

அவரிடம் சொல்வதானால் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஒரு வாரம் மட்டும் பொறுங்கள். ஒரு கொலைக்கதை பாதியில் நிற்கிறது. யார் செய்தது என்று தெரியாமல் விட்டால் மனுஷன் தவித்துப்போவார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.