வெயில் பட்ட மீன்தொட்டி

எழுபதுகளில் ஒரு மாலை, தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில் என் எதிரே கல்லூரி ஆசிரியைகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் இளையவர் சொன்னார்:

"அக்கா, அந்த மீனையெல்லாம் வெயில்தான் கொன்னிருக்கு. ஏழுமலை இல்ல."

"எந்த ஏழுமலை? உங்க லேப் அட்டெண்டரா?"

"அவர்தான். போன வருஷம் செவுள்ல புழு வெச்சு மீனெல்லாம் செத்துச்சே. அவர் தண்ணியே மாத்தலைன்னு நான் எழுதிக் கொடுத்தேன், வேலை போச்சு. தினம் மாத்தினேம்மான்னு அழுதார். நான் நம்பல."

"இப்ப என்ன ஆச்சு?"

"இந்த வருஷம் நானே தினம் தண்ணி மாத்தினேன். அதே ஜன்னலோரத் தொட்டில மறுபடியும் புழு. நிழல்ல இருக்கற தொட்டில மீன் நல்லா இருக்கு. தண்ணி சூடானா அந்தப் புழு மளமளன்னு பெருகும்க்கா. கிளாஸ்ல நானே நடத்தற பாடம்."

"தொட்டியை ஜன்னல்கிட்ட வெச்சது யாரு?"

"நான்தான். வெளிச்சம் வேணும்னு."



"அவரைப் பாத்தியா?"

"பல்லாவரம் ஸ்டேஷன் வாசல்ல கொய்யாப்பழம் விக்கறார். நேத்து சொல்லிடணும்னுதான் போனேன். என்னைப் பாத்ததும் எழுந்து நின்னு, 'இப்ப மீனெல்லாம் நல்லா கீதுங்களாம்மா?'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன். நாலு பழம் வாங்கிட்டு வந்துட்டேன்."

பல்லாவரத்தில் வண்டி நின்றது.

"இறங்கிப் போய் அவர்கிட்ட சொல்லலையா?" என்றார் மூத்தவர்.

இளையவர் நடைமேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.